எச்சில் இன்றைய நிலவரம் சொல்லும், முடி மூன்று மாதக் கணக்கு சொல்லும்

சென்ற மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. ஆறு கலப்பினப் பசுக்கள் வைத்துப் பால் ஊற்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், மாட்டின் வால் முடியை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் மாடு எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடலாம் என்கிறார். ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று பணமும் கேட்கிறார். இரண்டு மாடு சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது. முடி கொடுத்துப் பார்க்கலாமா? இதெல்லாம் உண்மையா, ஏமாற்றா?"

ஒரு வரியில் சொன்னால், அறிவியல் உண்மைதான். ஆனால் இந்த வாசகருக்கு இப்போது அந்தச் சோதனை தேவையில்லை. ஏன் உண்மை, ஏன் தேவையில்லை என்று கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம். ஏனென்றால் இதே சோதனை மாட்டோடு நிற்கவில்லை. மழை பொய்த்தால் விவசாயியின் எச்சிலில் என்ன ஆகிறது என்றும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கார்டிசால் என்கிற அவசரகால அதிகாரி

மனிதனுக்கும் சரி, மாட்டுக்கும் சரி, இரண்டு சிறுநீரகங்களின் மேல்பக்கத்திலும் அட்ரீனல் என்று ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. வெயில், பசி, வலி, பயம், இடமாற்றம் என்று எந்தத் தொல்லை வந்தாலும் மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து அட்ரீனலுக்கும் தகவல் போகும். அட்ரீனல் கார்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடும். இதைத்தான் அழுத்த ஹார்மோன் என்கிறார்கள்.

கார்டிசால் நமக்கு எதிரி அல்ல. வெள்ளம் வந்தால் மாவட்ட நிர்வாகம் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு நிவாரணத்தில் இறங்குவது போல, உடம்பில் இருக்கும் சர்க்கரையைத் திரட்டி இரத்தத்தில் விட்டு, உடனடி ஆபத்தைச் சமாளிக்கச் செய்கிறது. காலையில் நம்மை எழுப்பி உட்கார வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. பசு கன்று ஈனும் நாளைத் தொடங்கி வைப்பதே வயிற்றில் இருக்கும் கன்றின் அட்ரீனலில் சுரக்கும் கார்டிசால்தான்.

வெள்ள நிவாரணம் வருடம் முழுக்க நடந்தால் மற்ற வேலை என்ன ஆகும்? அதுதான் உடம்பிலும் நடக்கிறது. கார்டிசால் வாரக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், அவசரமில்லாத வேலைகளை உடம்பு தள்ளிப் போடுகிறது. இனப்பெருக்க ஹார்மோன்கள் குறையும். பருவ அறிகுறி மங்கும். கருமுட்டை வெளிவருவது தாமதமாகும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்து மடிநோய்க்கு வழி திறக்கும். பாலும் குறையும். நீண்ட நாள் அழுத்தத்தைக் கால்நடைத் துறையில் அயர்ச்சி என்கிறோம். வெயிலால் வந்தால் வெப்ப அயர்ச்சி.

இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்து, அதன் மருத்துவப் பயனைக் கண்டறிந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஹார்மோன் பழையது. அதை முடியிலும் எச்சிலிலும் அளக்கும் வழிதான் பிறகு வந்தது.

இரத்தத்தில் பார்த்தால் என்ன சிக்கல்?

இரத்தம் எடுக்க மாட்டை மடக்கிக் கட்ட வேண்டும், கழுத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும், ஊசி குத்த வேண்டும். இந்தக் களேபரத்திலேயே சில நிமிடங்களில் கார்டிசால் ஏறிவிடும். பிறகு நாம் அளப்பது மாட்டின் பழைய அழுத்தத்தையா, நாம் இப்போது கொடுத்த அழுத்தத்தையா? மனிதர்களிலும் ஊசியைப் பார்த்தாலே பதறுகிறவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கல் நேரம். கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. மனிதனுக்கு விடியற்காலையில் ஏறும், கண் விழித்த அரை மணி முதல் முக்கால் மணிக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு படிப்படியாக இறங்கி நள்ளிரவில் மிகக் குறைவாக இருக்கும். காலை 8 மணி அளவையும் மாலை 5 மணி அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் குத்தாமல், பிடிக்காமல் எடுக்கக்கூடிய மாதிரிகளைத் தேடினார்கள். எச்சில், முடி, சாணம், பால், கோழியின் இறகு என்று பட்டியல் நீண்டது.

எச்சில் வோல்ட் மீட்டர், முடி ஈ.பி. மீட்டர்

மோட்டார் போடும் முன் ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் மீட்டரைப் பார்ப்போம். அது இந்த நிமிடத்து மின் அழுத்தத்தைக் காட்டும். வீட்டு வாசலில் இருக்கும் ஈ.பி. மீட்டர் அப்படியல்ல, போன ரீடிங்கிலிருந்து இன்றுவரை ஓடிய யூனிட்டைக் கூட்டி வைத்திருக்கும். எச்சில் முதலாவதைப் போல, முடி இரண்டாவதைப் போல.

இரத்தத்தில் இருக்கும் கார்டிசாலில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனியாக இருக்கும் பகுதிதான் வேலை செய்வது. அந்தப் பகுதி உமிழ்நீர்ச் சுரப்பி வழியாகக் கசிந்து எச்சிலுக்கு வருகிறது. ஒரு அதிர்ச்சி நடந்த 20 முதல் 30 நிமிடத்தில் எச்சிலில் அதன் உச்சம் தெரியும். ஒரு பஞ்சுக் குச்சியை வாயில் ஓரிரு நிமிடம் மென்று குழாயில் போட்டுக் கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு முன் அரை மணி நேரம் சாப்பிடக்கூடாது, டீ குடிக்கக்கூடாது, பல் துலக்கக்கூடாது. ஈறில் இரத்தம் கசிந்து எச்சிலில் கலந்தால் கணக்கு கெட்டுவிடும். மாதிரி எடுத்த மணி, நிமிடத்தைக் குறித்து வைப்பது கட்டாயம்.

முடி வேறு வகை. முடியின் வேர்ப்பையைச் சுற்றி இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. முடி வளரும்போது இரத்தத்தில் இருக்கும் கார்டிசாலும் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தண்டுக்குள் சேர்ந்துகொள்கிறது. மனிதத் தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. எனவே தோலை ஒட்டி வெட்டிய முதல் 3 செ.மீ. முடி, கடந்த மூன்று மாதத்தின் மொத்தக் கணக்கு. அடுத்த 3 செ.மீ. அதற்கு முந்தைய மூன்று மாதம். மரத்தின் வளையம் எண்ணி வறட்சி ஆண்டைக் கண்டுபிடிப்பது போலத்தான்.

முடிக்குள் போன கார்டிசால் எளிதில் அழியாது. பெரு நாட்டின் பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்த உடல்களின் முடியில்கூட அதை அளந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ஒரு மருத்துவமனையில் மாரடைப்புடன் சேர்ந்த 56 ஆண்களின் முடியையும், வேறு காரணத்துக்காகச் சேர்ந்த 56 ஆண்களின் முடியையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களின் கடைசி மூன்று மாத முடியில் கார்டிசால் அதிகமாக இருந்தது. மாரடைப்புக்கு முன்னால் மூன்று மாதம் எப்படிப் போனது என்பதை அன்றைக்கு எடுத்த இரத்தம் சொல்லாது, முடி சொன்னது.

மாட்டில் எப்படி எடுக்கிறார்கள்?

மாட்டில் பெரும்பாலும் வால் குஞ்சத்து முடியை எடுக்கிறார்கள். உடம்பு முடியைவிட அது வேகமாக வளரும், நீளமாகவும் இருக்கும். சரியாகச் செய்கிறவர்கள் முதலில் ஓர் இடத்தை மழித்து விட்டுவிடுவார்கள். ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் புதிதாக வளர்ந்த முடியை மட்டும் மழித்து எடுப்பார்கள். அப்போதுதான் அந்த முடி எந்தக் காலத்துக்கு உரியது என்று தெளிவாகத் தெரியும். பிடுங்கக்கூடாது, வெட்டவே வேண்டும். வேரோடு வந்தால் அதிலிருக்கும் இரத்தமும் திசுவும் கலந்துவிடும்.

ஆய்வகத்தில் அந்த முடியை ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, மாவு போல அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, எலிசா என்ற முறையில் அளக்கிறார்கள். அளவு பிகோகிராமில் வரும். ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவில் சின்ன அழுக்கும் பெரிய பிழையாகும். மாட்டின் வால் எங்கெல்லாம் படுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாணத்திலும் மூத்திரத்திலும் கார்டிசாலும் அதன் சிதைவுப் பொருள்களும் உண்டு. அவை முடியில் ஊறினால் கழுவினாலும் முழுதாகப் போகாது; அளவு கூடிக் காட்டும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது எரு கொட்டிய இடத்திலும் வரப்போரத்திலும் எடுக்காதீர்கள் என்று நாங்கள் ஏன் தலைபாடாக அடித்துக்கொள்கிறோமோ, அதே காரணம்தான் இங்கும். மாதிரி தப்பானால் அறிக்கையும் தப்பு.

எண் வந்தால் போதுமா?

இரத்தச் சர்க்கரைக்கு இவ்வளவு வரை சரி, இதற்கு மேல் நோய் என்று ஒரு கோடு இருக்கிறது. மாட்டு முடியின் கார்டிசாலுக்கு அப்படி ஊரறிந்த கோடு இல்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை மாறும், எண்ணும் மாறும். வெள்ளை முடிக்கும் கறுப்பு முடிக்கும் அளவு வேறுபடும். உடம்பின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தும் வேறுபடும். சினை, ஈற்று, வயது ஆகியவையும் அளவை மாற்றும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வெயில் திடீரென ஏறும்போது மாட்டின் கார்டிசால் ஏறும். அதே வெயில் வாரக்கணக்கில் நீடித்தால் உடம்பு பழகிக்கொண்டு கார்டிசால் இறங்கியும் விடலாம். ஆனால் மாடு அப்போதும் குறைவாகத்தான் தின்னும், குறைவாகத்தான் கறக்கும். எண் குறைவாக வந்துவிட்டது, மாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று கொட்டகையை மாற்றாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான். மனிதர்களிலும் இப்படித்தான். மிக நீண்ட நாள் கொடிய துன்பத்தில் இருந்த சிலருக்குக் கார்டிசால் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தச் சோதனையால் என்ன பயன்? ஒப்பிடப் பயன். ஓட்டுக்கூரைக் கொட்டகையில் 20 மாடு, தகரக் கொட்டகையில் 20 மாடு வைத்து, இரண்டு கூட்டத்தின் முடியையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் அளந்தால், எந்தக் கொட்டகை மாட்டுக்கு நல்லது என்று சொல்லலாம். பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் செய்ய வேண்டிய வேலை அது. ஒரு வீட்டில் ஒரு மாட்டின் ஒரு பிடி முடியை வைத்து, 'இந்த மாட்டுக்கு இந்தச் சிகிச்சை' என்று சொல்ல அது உதவாது. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால், "இந்த எண்ணுக்கு மேல் போனால் நோய் என்று யார் வரையறுத்தார்கள்? முடியை எங்கே அளக்கிறீர்கள்? அறிக்கை வந்தபின் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதுக்குப் பதிலாக ஒரு டப்பா பவுடரை நீட்டினால் வந்த விஷயம் புரிந்துவிடும்.

செலவில்லாமல் அளக்க மூன்று வழி

கொட்டகையிலேயே கண்ணால் பார்த்து அயர்ச்சியை அளக்கலாம்.

முதல் வழி, மூச்சை எண்ணுவது. மதியம் 2 மணிக்கு நிழலில் நிற்கும் மாட்டின் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் வெயில் மாட்டை அழுத்துகிறது. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக இளைத்தால் அது ஆபத்து. உடனே தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது, அசை போடுவதைப் பார்ப்பது. தீவனம் தின்று படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் நின்றுகொண்டே, வாய் அசையாமல், தண்ணீர்த் தொட்டி பக்கமே கூடி நின்றால் அயர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வெப்ப-ஈரப்பதக் குறியீடு. சாதாரண வெப்பமானி ஒன்றும், குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றும் கொட்டகையில் தொங்கவிடுங்கள். இரண்டு அளவையும் கூட்டி, 0.72-ஆல் பெருக்கி, 40.6-ஐச் சேர்க்க வேண்டும். உலர் வெப்பமானி 34 டிகிரி, ஈர வெப்பமானி 27 டிகிரி என்றால் கூட்டல் 61. அதை 0.72-ஆல் பெருக்கினால் 43.9. 40.6 சேர்த்தால் 84.5. கறவை மாட்டுக்கு 72-ஐத் தாண்டினாலே அயர்ச்சி தொடங்குகிறது என்று கணக்கு. நம் கடலோர மாவட்டங்களில் வெயில் குறைவாகத் தெரிந்தாலும், புழுக்கத்தால் குறியீடு ஏன் ஏறுகிறது என்று இதில் புரியும். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் போன்ற நம் இனங்கள் தாங்கும். கலப்பினம், அதிலும் அதிகப் பால் கறப்பது, முதலில் தளரும்.

கடிதம் எழுதிய வாசகர் முடிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை இப்படிச் செலவழிக்கலாம். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது வெள்ளையடியுங்கள். கறவையில் இருக்கும் மாட்டுக்கு எந்நேரமும் நிழலில் குளிர்ந்த தண்ணீர் இருக்க வேண்டும். கோடையில் ஒரு மாடு நாளைக்கு 100 லிட்டர் வரை குடிக்கும். வெறும் தண்ணீர் தெளித்தால் போதாது. தோல் வரை நனைத்து, மேலே மின்விசிறி ஓட வேண்டும். தீவனத்தில் பெரும்பகுதியை விடியற்காலையிலும் இரவிலும் போடுங்கள். கறக்கும் நேரத்தில் அதட்டல், அடி, புது ஆள், நாய்க் குரைப்பு வேண்டாம். பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பால் இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசினின் வேலையைக் கெடுத்துவிடும்.

சினை நிற்காத இரண்டு மாடுகளுக்கும் முதலில் செய்ய வேண்டியது கருப்பைப் பரிசோதனை. கருப்பை அழற்சி, தாது உப்புக் குறைபாடு, ஊசி போடும் நேரம் தப்புவது என்று பார்க்க வேண்டிய காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. கால்நடை மருத்துவர் கையால் பார்ப்பதற்கு ஈடு எந்த முடிச் சோதனையும் இல்லை. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

மழை பொய்த்தால் விவசாயியின் எச்சிலில் என்ன ஆகிறது?

இப்போது நம்மைப் பற்றி. கென்யாவில் கியான்யாகா என்ற பகுதியில் ஏழை விவசாயிகளிடமும், நைரோபி நகரத்தில் தகரத்தைத் தட்டிப் பாத்திரம், பெட்டி செய்யும் தொழிலாளர்களிடமும் எச்சில் மாதிரி எடுத்தார்கள். கூடவே செயற்கைக்கோள் படங்களிலிருந்து அந்தந்த இடத்து மழை அளவையும் எடுத்தார்கள். மழை குறைந்தால் 10 முதல் 20 நாள் கழித்து எச்சிலில் கார்டிசால் ஏறியது. நகரத்துத் தகரத் தொழிலாளிகளைவிட விவசாயிகளிடம் அந்த ஏற்றம் அதிகமாக இருந்தது.

இதில் நமக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மழை இல்லாவிட்டால் விவசாயிக்குத் தூக்கம் வராது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "அவர் சும்மா கவலைப்படுகிறார், மனதைத் தேற்றிக்கொண்டால் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்களுக்கு இது பதில். கவலை மனதில் மட்டும் இல்லை, உடம்பிலும் ஏறி உட்காருகிறது. மாட்டுக்குப் பருவத்தையும் பாலையும் குறைக்கும் அதே ஹார்மோன் நீண்ட நாள் உயர்ந்திருந்தால் மனிதனுக்கு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்.

என்ன செய்தால் இறங்கும் என்றும் பார்த்திருக்கிறார்கள். நைரோபித் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்தபோது, அவர்கள் சொன்ன மன அழுத்தமும் குறைந்தது, கார்டிசாலும் குறைந்தது. கென்யாவின் ராரியேடா பகுதியில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனை இல்லாமல் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கார்டிசாலில் மாற்றம் தெரியவில்லை. சில பிரிவினரிடம் மட்டும் வேறுபாடு இருந்தது. ஆக, பணம் கொடுத்தால் கவலை தீரும் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. கஷ்டம் வந்தால் தாங்க ஆள் இருக்கிறது என்ற உறுதி உடம்புக்கு மருந்தாகலாம் என்று காப்பீட்டு ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலும் ஒரு பெயர் பெற்ற ஆய்வு நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய மாதங்களில், சிந்தனைத் திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் அதே விவசாயி குறைவாகச் செய்தார். கரும்புப் பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். அங்கே எச்சிலோ முடியோ எடுக்கவில்லை; அழுத்தத்தை இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் மூலம் பார்த்தார்கள். அழுத்தம் மட்டுமே காரணம் இல்லை, பணக்கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்களின் முடிவு.

இதிலிருந்து நான் விவசாயிகளுக்குச் சொல்வது ஒன்று உண்டு. பெரிய முடிவுகளை, அதாவது நிலத்தை அடகு வைப்பது, மாட்டை விற்பது, கந்து வட்டிக்கு வாங்குவது போன்றவற்றை, கை வறண்ட மாதத்தில் தனியாக உட்கார்ந்து எடுக்காதீர்கள். வீட்டில் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி, விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, ஒரு நாள் ஆறப்போட்டு எடுங்கள். காப்பீட்டு விண்ணப்பம், கூட்டுறவுக் கடன் தவணை போன்ற வேலைகளைக் கையில் பணமும் மனதில் தெம்பும் இருக்கும் அறுவடை மாதத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள்.

வாசகர்களின் மற்ற கேள்விகள்

*மாட்டின் எச்சிலை எடுத்துப் பார்க்க முடியாதா?*

முடியும். ஆனால் மாடு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும் பிராணி. அசை போடும்போது தீவனமும் இரைப்பைத் தண்ணீரும் வாயில் கலக்கும். சுத்தமான மாதிரி கிடைப்பது சிரமம். பன்றிக்கு இது எளிது. பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டால் தானாகவே மெல்லும், கயிற்றைப் பிழிந்து எடுத்துக்கொள்ளலாம்.

*சாணத்தில் தெரியுமா?*

தெரியும். மாட்டுச் சாணத்தில் சுமார் 10 முதல் 12 மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம் தெரியும். பிடிக்க முடியாத காட்டு விலங்குகளுக்கு இதுதான் வழி. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் காட்டு யானைகளின் சாணத்தை இப்படி ஆராய்ந்தார்கள். 2019-ல் வெளியான அவர்களின் ஆய்வில், பயிரை மேயும் யானைகளுக்குக் காட்டு யானைகளைவிட அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது. நல்ல தீனி கிடைப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பட்டாசு வெடித்தும் யானை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று யோசிக்கும் காட்டோர விவசாயிக்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது.

*கோழிக்கு?*

கோழியின் அழுத்த ஹார்மோன் வேறு. கார்டிகோஸ்டீரோன் என்று பெயர். இறகு வளரும் காலத்தில் அதில் சேரும். பண்ணையில் இதுவும் ஆராய்ச்சிக்குத்தான். இறகைக் கொத்திக்கொள்வது, முட்டை ஓடு மெலிவது, தீவன அளவு குறைவது ஆகியவற்றைப் பார்த்தாலே போதும்.

*எனக்கு எப்போதும் அசதியாக இருக்கிறது. நகரத்து ஆய்வகத்தில் கார்டிசால் பார்க்கலாமா?*

மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பாருங்கள். அட்ரீனல் அதிகம் சுரக்கும் குஷிங் நோய், குறைவாகச் சுரக்கும் அடிசன் நோய் ஆகியவற்றைக் கண்டறிய இந்தச் சோதனை உண்டு. குஷிங் நோய்க்கு இரவு நேர எச்சில் சோதனையும் செய்கிறார்கள். சாதாரண அசதிக்கு முதலில் இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு பார்ப்பதே வழக்கம்.

*மூட்டு வலிக்கு ஊரில் கொடுக்கும் பெயரில்லாத மாத்திரை சாப்பிடுகிறேன். சோதனையில் தெரியுமா?*

அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்தால் உங்கள் அட்ரீனல் வேலையை நிறுத்திவிடும். கார்டிசால் மிகக் குறைவாகக் காட்டலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவர்கள் படிப்படியாகக் குறைப்பார்கள். மாட்டுக்கும் இதே எச்சரிக்கை. நிறைமாதச் சினைப் பசுவுக்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டால் கன்று முன்கூட்டியே விழுந்துவிடும். சினை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

*ஆராய்ச்சிக்கென்று வந்து முடி, எச்சில் கேட்டால் கொடுக்கலாமா?*

கொடுக்கலாம். எந்த நிறுவனம், எதற்கு, முடிவை உங்களுக்குச் சொல்வார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். உண்மையான ஆய்வுக்கு மாதிரி கொடுக்க நீங்கள் காசு தர வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

*மனக்கவலை தாங்கவில்லை என்றால் யாரிடம் பேசுவது?*

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடன் பற்றிய கவலை என்றால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் வாருங்கள். தவணை நீட்டிப்பு, நிவாரணம், காப்பீடு என்று எந்தக் கதவைத் தட்டலாம் என்று உட்கார்ந்து பார்க்கலாம். கொட்டகையில் மாடு இளைக்கும்போது அதற்கு முடி வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், நிழலுக்கு இழுத்துக் கட்டுவோம். பக்கத்து வயல்காரர் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, தனியாகத் திரிவதைப் பார்த்தால் நீங்களே போய் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு ஆய்வக அறிக்கை தேவையில்லை.